பன்னிரண்டாவது பெயர்

ஹவாய்த் தீவில், கபுவேயோ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. கால் உடைந்த பெஞ்சுகள், ஓட்டை விழுந்த அண்டாக்கள், யாரும் தேடாத வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. ஹவாய் மொழியிலேயே பாடம் நடக்கப்போகும் வகுப்புக்கு இதைத் தவிர வேறு இடம் கிடையாது என்று தலைமையாசிரியர் நகாசோனே சொன்னபோது லஹேலா மறுபேச்சுப் பேசவில்லை. அவள் அந்தப் பள்ளியின் சமையலறையில் ஏழு வருடமாக வேலை செய்பவள். எந்தச் சுவரில் ஈரம் ஏறும், எந்த ஜன்னல் மூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டே சனிக்கிழமைகளில் அறையைக் காலிசெய்து, கழுவி, வெள்ளையடித்துவிட்டாள்.

அறையை விடப் பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் நிபந்தனை தெளிவாக எழுதியிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் சோதனையாக வகுப்பை நடத்தலாம். ஜனவரி பதினைந்தாம் தேதி ஓர் அதிகாரி வந்து தலையை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் எல்லோரும் ஆங்கில வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வகுப்பு நிலைத்துவிடும்.

தொண்ணூறு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவிடாமல் விலக்கி வைத்திருந்த மொழி அது. சட்டம் மாறி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. லஹேலாவின் அப்பா மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பிள்ளைகளிடம் அவர் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலம். குதிரையிடம் மட்டும் ஹவாய் மொழியில் பேசுவார். சேணம் கட்டும்போது அதன் காதோரம் குனிந்து ஏதேதோ சொல்வார், குதிரையும் கேட்டுக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் லஹேலாவுக்கு அந்தக் குதிரைமேல் பொறாமையாக இருக்கும். ஒரு தடவை, "அதுகிட்ட என்னப்பா சொன்ன?" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கு அது? நீ படிச்சு முன்னேறுற வழியப் பாரு" என்றார். அவர் செத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தேவாலயத்தில் பெரியவர்கள் அவரைப் பற்றி அந்த மொழியில் என்னென்னவோ சொல்லி அழுதார்கள். அதில் ஒரு வாக்கியம்கூடப் பெற்ற மகளுக்குப் புரியவில்லை.

அந்த ஆதங்கம் அவளுக்குள் இருந்தது. அதனால்தான் வீடுவீடாக ஏறி இறங்கினாள். பதினொரு பெயர் சேர்ந்தன. அதில் கடைசியாகக் கிடைத்தது டார்லீனின் மகன் டஸ்டின். டார்லீன் கொட்டைத் தொழிற்சாலையில் மக்கடேமியா பொறுக்குகிறவள். வாயாடி. வாசலிலேயே நிற்கவைத்துத்தான் பேசினாள்.

"செத்தவங்க பேசின பாஷையை வச்சுக்கிட்டு என் பையன் என்ன பண்ணுவான், கல்லறையில வேலைக்குப் போவானா?"

"அப்படிப் பேசாத டார்லீன். உங்க பாட்டன் பேசினது."

"எங்க பாட்டன் கள்ளச்சாராயமும்தான் காய்ச்சினான். அதையும் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று சிரித்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இங்கிலீஷே இன்னும் தடவித் தடவித்தான் பேசறான் லஹேலா. ரெண்டுங்கெட்டானா ஆயிட்டா?"

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா இல்ல? அவளுக்குக் கெடுதல் வர்ற காரியத்தை நான் செய்வேனா?"

டார்லீன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாவது பெயர் லஹேலாவின் மகள் நாபுவா. ஆறு வயது. கணவன் கிளேட்டன் கமாய் தடுக்கவில்லை, ஆர்வமும் காட்டவில்லை. கரும்பாலையில் லாரி ஓட்டுகிறவன். "உனக்குச் சந்தோஷம்னா சரி. ஆனா சனிக்கிழமை மீட்டிங், புதன்கிழமை மீட்டிங்னு நீ போய்ட்டா வீட்டுல சோறாக்குறது யாரு, அந்தப் பாஷையா?" என்று மட்டும் கேட்டான்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. ஆசிரியை புவாலெய், இருபத்தாறு வயதுப் பெண். ஹீலோ நகரத்திலிருந்து அறுபது மைல் காரோட்டி வருவாள், திரும்பிப் போவாள். பிள்ளைகளும் பெற்றவர்களும் அவளைக் குமு என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் வாத்தியாருக்கு அதுதான் பேர். பாடப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆங்கிலப் படக்கதைகளை வாங்கி, குமு மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த வரிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆங்கில வரிகள்மேல் ஒட்டினார்கள். சனிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் பெற்றோர் எல்லோரும் கத்திரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது ஒருத்தி ஒரு துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட, அன்று முழுவதும் அவளை வைத்துச் சிரிப்பார்கள். ஒட்டுகிற வரிகளை வாசித்து வாசித்தே பெற்றவர்களும் மொழியைக் கற்றுக்கொண்டார்கள், லஹேலா அதை வீட்டிலும் பேசிப் பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் அந்தப் பிள்ளைகள் பாலை 'வையூ' என்று கேட்டன. லஹேலாவோடு வேலை செய்த எர்லிண்டா பிலிப்பைன்ஸ்காரி. "எனக்குப் புரியல, நான் தண்ணியத்தான் ஊத்துவேன்" என்று வம்பிழுப்பாள். ஆனால் ஒரு வாரத்தில் அவளும் வையூ என்றே சொல்லத் தொடங்கினாள். லஹேலா கரண்டியும் கையுமாக நின்று கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு வருடம் அலைந்ததாகத் தோன்றும்.

அந்த வரிசையில் நாபுவாவும் வருவாள். அவள் எதுவும் கேட்கமாட்டாள். முன்னால் நிற்கும் பிள்ளையின் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை நீட்டுவாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் குமு சமையலறைப் பக்கம் வந்தாள். "லஹேலா ஆண்ட்டி, ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று ஓரமாக அழைத்துப் போனாள்.

"நாபுவா வீட்டுல நல்லாப் பேசுவாளா?"

"கொஞ்சம் கூச்சம் அவளுக்கு. ஏன்?"

"கூச்சம் மாதிரி தெரியல. நான் பேசும்போது என் வாயையே பார்க்கறா. திரும்பி நின்னு போர்டுல எழுதிக்கிட்டே பேசினா, அவ பாட்டுக்கு ஜன்னலைப் பார்க்கறா. நேத்து அவ பின்னாடி ஒரு தகர டப்பா விழுந்துச்சு. எல்லாப் பிள்ளைங்களும் திரும்பிச்சு, அவ திரும்பல. டாக்டர்கிட்ட காட்டுங்க ஆண்ட்டி."

நாபுவா மூன்று வயதிலிருந்தே காது வலி, சீழ் என்று படுத்தியவள்தான். கூப்பிட்டால் வராததைப் பிடிவாதம் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். கிளேட்டனுக்கு ஆலையில் விடுப்புக் கிடைக்காத நாளாகப் பார்த்து, அவள் மட்டும் மகளை ஹீலோவுக்கு அழைத்துப் போனாள்.

மருத்துவர் வயதானவர். பொறுமையாகச் சோதித்தார். இடது காது ஏறக்குறைய போய்விட்டது, வலதில் பாதி மிச்சம் இருக்கிறது என்றார்.

"பிள்ளைக்கு உள்ளே போறதே கொஞ்சம் சத்தம்தான். அதுல ரெண்டு பாஷையைப் போட்டுக் குழப்பக் கூடாது. எந்தப் பாஷையில பேச்சுப் பயிற்சி கிடைக்குதோ அதை மட்டும் பேசுங்க" என்றார். பயிற்சி ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. வியாழக்கிழமைதோறும் கபுவேயோவுக்கு ஒரு பேச்சுப் பயிற்சி ஆசிரியை வருவாள். அவளுக்கு ஹவாய் மொழி தெரியாது. ஆங்கில வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைத்தான் அவள் எடுப்பாள். காதுக் கருவியும் அந்தப் பயிற்சித் திட்டத்தின் வழியாகவே வரும். மருத்துவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையில் கொடுத்தார். "இந்த வாரமே பள்ளிக்கூடத்துல குடுத்துடுங்க. ஒரு இடம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன். இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் கணக்கு."

வருகிற வழியெல்லாம் படிவம் லஹேலாவின் மடியில் கிடந்தது. நாபுவா பக்கத்து இருக்கையில் தூங்கிப்போயிருந்தாள். படிவத்தில் ஒரு கட்டம், 'தற்போதைய வகுப்பிலிருந்து மாற்றம்' என்று. அதில் கையெழுத்துப் போட்டால் பதினொன்று. பதினொன்று என்றால் டஸ்டின் போவான், மற்றவர்கள் போவார்கள், குமு ஹீலோவிலேயே இருந்துவிடுவாள், அந்த அறைக்குள் பழையபடி அண்டாக்கள் வந்து சேரும். புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று ஊரிலுள்ள வீடுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லா வாசலும் அவள் ஏறி இறங்கிய வாசல்தான்.

ஜனவரி பதினைந்து வரைக்கும். மூன்றே மாதம். அப்படித்தான் முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று அன்று கிளேட்டன் கேட்டான்.

"பழையபடி சீழ்தான். சொட்டு மருந்து குடுத்திருக்கார்."

குமு கேட்டபோதும் அதையே சொன்னாள். படிவத்தை, கரண்டி, முள்கரண்டி வைக்கிற இழுப்பறையில் அடியில் விரித்த தாளுக்குக் கீழே வைத்தாள்.

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதோடு வாழ்வதுதான் முடியவில்லை. தெரியாதபோது அவள் கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. சனிக்கிழமை பசை ஒட்டும் கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஹவாய் மொழியில் சண்டை போட்டுக்கொண்டு ஓடுவார்கள், நாபுவா அவர்கள் கால்களைப் பார்த்து எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் ஓடுவாள். அவர்கள் சிரித்தால் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பாள். வீட்டில் லஹேலா அவள் முகத்துக்கு நேரே குனிந்து மெதுவாகப் பேசத் தொடங்கினாள். எந்த மொழியில் பேசுவது என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுவாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேட்டன் முற்றத்தில் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நாபுவா, அந்த ஸ்பானரை எடு" என்றான். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். "எத்தனை தடவை கூப்பிடறது? அப்பன் பேச்சு உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா? இன்னிக்குக் கடலுக்குப் போறது கிடையாது, போ உள்ளே."

நாபுவா அவன் வாயையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். தான் செய்த தப்பு என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

லஹேலா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போட்டாள். இழுத்துச் சுருக்கம் நீக்கினாள். அடுத்த துணியை எடுத்தாள்.

ஜனவரி பதினைந்தாம் தேதி நல்ல மழை. வெளுத்த சட்டை போட்ட ஓர் அதிகாரி வந்து, அறை வாசலில் குடையை மடக்கிவிட்டு, பெயர்ப் பட்டியலை எடுத்தார். குமு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் அவர்கள் மொழியில் 'இங்கே இருக்கிறேன்' என்றன. நாபுவாவின் முறை வந்தபோது பக்கத்தில் இருந்த டஸ்டின் அவள் விலாவில் இடித்தான். அவள் எழுந்து நின்றாள். அவ்வளவுதான், பன்னிரண்டு. அதிகாரி புன்னகைத்துக் கையெழுத்துப் போட்டார். பெற்றவர்கள் தாழ்வாரத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். டார்லீன் லஹேலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சாதிச்சுட்டடி" என்றாள். லஹேலாவும் அழுதாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் முன்னே இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனாள். நகாசோனே படித்தார். மேலே இருந்த தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது அக்டோபர்ல குடுத்தது."

"ஆமாம்."

"மிஸஸ் கமாய், அந்த வியாழக்கிழமை இடம் நவம்பர்ல நிரம்பிடுச்சு. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன். காதுக் கருவிக்கு இன்னிக்கே எழுதறேன், ரெண்டு மாசத்துல வந்துடும். பயிற்சிக்கு அடுத்த செப்டம்பர்தான்."

"நடுவுல ஒண்ணும் வராதா?"

"நானும் கேட்டுப் பார்க்கறேன். ஆனா இந்தப் பக்கத்துக்கு வர்றது அந்த ஒரு டீச்சர்தான்." அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது லஹேலாவுக்கு.

அன்று சாயங்காலம் கிளேட்டன் வேலை முடிந்து வந்து கால் கழுவும்போதே சொல்லிவிட்டாள். காது, படிவம், அக்டோபர், இடம் போனது, எல்லாவற்றையும். அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் அவன் பாதத்தின்மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு நான் அவளைத் திட்டினேன்" என்றான். "ஸ்பானர் எடுக்கலேன்னு. நீ அங்கதான் நின்ன."

"நின்னேன்."

"வாயத் திறக்கல."

"திறக்கல."

"அவளுக்கு நாம ஒரு பேர் வச்சோம் லஹேலா. நீ அவளைப் பன்னிரண்டுன்னு ஆக்கிட்ட." அவன் குரல் உயரவில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே போய் நாபுவாவின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் காதுமடலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

குமுவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்து பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேனே, ஆண்ட்டி."

"பதினொண்ணு ஆயிருக்கும் குமு."

"ஆகட்டுமே. அடுத்த வருஷம் மறுபடி கேட்டிருப்போம். அதுக்கு அடுத்த வருஷம் கேட்டிருப்போம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அந்தச் சீழ்க் கதையை நம்பிட்டுப் பேசாம இருந்தேன் பாருங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு போல."

நாபுவா திங்கள்கிழமை முதல் ஆங்கில வகுப்புக்குப் போனாள். எண்ணிக்கை முடிந்துவிட்டதால் பதினொன்று யாரையும் உறுத்தவில்லை. பிள்ளைக்குக் காதில் கோளாறு, அதனால் மாற்றினார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான். மார்ச்சில் கருவி வந்தது. முதல் வாரம் அவள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் என்றால் அவளுக்கு அது வலி.

மே மாதக் கடைசியில் பள்ளிப் புல்வெளியில் விழா வைத்தார்கள். பன்றியை மண்ணடுப்பில் வேகவைத்து, சேப்பங்கிழங்கும் சோறும் வைத்து ஊரே சாப்பிட்டது. பதினொரு பிள்ளைகளும் வரிசையாக நின்று பாடின. பெரியவர்கள் சிலர் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு லஹேலாவை மேடைக்குக் கூப்பிட்டு மூன்று மாலைகள் போட்டார்கள். சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்ட மொழியில் இரண்டு வரி நன்றி சொன்னாள். கை தட்டினார்கள். கிளேட்டன் வரவில்லை. நாபுவாவை அழைத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போயிருந்தான்.

விழா முடிந்து சமையலறையில் டார்லீன் அவளுக்குத் தட்டுக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டஸ்டின் இப்போது தூக்கத்தில்கூட ஹவாய் மொழியில் உளறுகிறான், தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்கிறேன் என்றாள். லஹேலாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கழுத்து மாலைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

டார்லீன் கையிலிருந்த தட்டைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அக்டோபர்லயே தெரியுமா?"

"தெரியும்."

"டஸ்டினுக்கு அப்படி ஆயிருந்து, நான் வந்து உன்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

லஹேலா யோசித்தாள். பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன்."

டார்லீன் தட்டை அடுக்கின்மேல் வைத்தாள். கையை உதறினாள். "உண்மையைச் சொன்னதுக்கு உன்னை மெச்சணுமா, என்னன்னு தெரியல எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகனை அவள் வகுப்பிலிருந்து எடுக்கவில்லை. லஹேலாவைக் கண்டால் தலையசைப்பாள், நிற்கமாட்டாள்.

அடுத்த செப்டம்பரில் பதினேழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெற்றோர் குழுவுக்குத் தலைவியாக இருக்கச் சொல்லி மறுபடி கேட்டார்கள். லஹேலா மாட்டேன் என்றுவிட்டாள். பசை ஒட்டப் போவாள், ஓரத்தில் உட்கார்ந்து நறுக்கிக் கொடுப்பாள், கூட்டம் பேச்சாக மாறும்போது எழுந்து வந்துவிடுவாள். வீட்டில் ஹவாய் மொழியில் பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். அவளுடைய அப்பா பேசிய அதே உடைந்த ஆங்கிலம்தான் இப்போது அங்கே.

அந்த மாதம் நாபுவாவுக்கு வியாழக்கிழமைப் பயிற்சி தொடங்கியது. படிவங்களில் எல்லாம் கிளேட்டன்தான் கையெழுத்துப் போட்டான். லஹேலாவின் கையில் பேனாவைக் கொடுக்கவில்லை. முதல் வியாழக்கிழமை அவள் சமையலறையில் அனுமதி வாங்கிக்கொண்டு பயிற்சி அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே ஆசிரியை ஒரே ஓர் ஓசையைச் சொல்லிக் காட்ட, நாபுவா அதைத் திருப்பிச் சொன்னாள். தப்பாக வந்தது. மறுபடி. மறுபடியும் தப்பு. முப்பது நாற்பது தடவை இருக்கும். ஆசிரியை வெளியே வந்து, "இன்னும் சின்ன வயசுல வந்திருந்தா இது சுலபமா வந்திருக்கும். பரவாயில்ல, பார்ப்போம்" என்றாள்.

நாபுவா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். லஹேலா குனிந்து, "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லஹேலா அதே கேள்வியை இன்னும் மெதுவாக, உதட்டை நன்றாகத் திறந்து மூடிக் கேட்டாள். பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி நடந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சோறு வைக்க நேரமாகிவிட்டிருந்தது.